உடம்பு தேறிவரும்போது முதுநிலைப் புள்ளியியல் எடுக்கலாமா? அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை கடைசி ஆனால் எனக்கு இப்படி ஒரு செய்தியாவது வந்துவிடும்: "அக்கா, ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. ஃபால் (ஆகஸ்ட்–டிசம்பர்) செமஸ்டரில் ஸ்டாட்ஸ் போட்டிருக்கிறேன். எடுக்கவா, விடவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. முனைவர் பட்டத்துக்காக இங்கே வந்த முதல் ஆண்டு, செமஸ்டர் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. வயிற்றில் குழாயோடு வீடு வந்தேன். வீம்பாகப் பாடத்தை எடுத்தேன், அக்டோபரில் விட்டேன், மறு ஆண்டு திரும்ப எடுத்து முடித்தேன். அப்புறம் மூன்று ஆண்டு அதே பாடத்துக்கு டி.ஏ.வாக (பேராசிரியருக்கு உதவும் மாணவராக) இருந்து வீட்டுப்பாடம் திருத்தினேன். கீழே உள்ளதெல்லாம் அந்த அனுபவத்தில் சொல்வது. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.

ஒரே வரியில் சொல்லுங்கள்: எடுக்கலாமா, வேண்டாமா?

உங்களுடைய மோசமான வாரத்திலும் 12 மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும் என்றால் எடுங்கள். நல்ல வாரத்தில் மட்டும்தான் முடியும் என்றால் தள்ளிப்போடுங்கள்.

மற்ற பாடங்களைவிட இதில் அப்படி என்ன கஷ்டம்?

கஷ்டம் என்பதைவிட, இது ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் பாடம். இலக்கிய செமினாரில் ஒரு வாரம் போகவில்லை என்றால் அந்த வாரத்து நூல் மட்டும்தான் போச்சு. இங்கே அப்படி இல்லை. நிபந்தனை எதிர்பார்ப்பு, அதாவது கண்டிஷனல் எக்ஸ்பெக்டேஷன், நடத்திய வாரம் நீங்கள் படுத்திருந்தால், பிற்பாடு ராவ்–பிளாக்வெல் தேற்றம் வரும் அன்று கரும்பலகை முழுக்க உங்களுக்கு வெறும் சாக்பீஸ் கோடாகத்தான் தெரியும். (நம் சி. ஆர். ராவ் 1945இல் கல்கத்தாவில் வெளியிட்ட கட்டுரையில் உள்ள தேற்றம் அது. இருபத்தைந்து வயதை ஒட்டி எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்கும் ஏறக்குறைய அதே வயது. அந்த ஒப்பீட்டை அப்படியே விட்டுவிடலாம்.)

இதில் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். "முதுநிலைப் புள்ளியியல்" என்ற பெயரில் இரண்டு வகைப் பாடம் ஓடுகிறது. ஒன்று கோட்பாடு: நிகழ்தகவு, பரவல்கள், மைய எல்லைத் தேற்றம், இன்ஃபரன்ஸ் என்று நிரூபணமாகவே போகும். இன்னொன்று உளவியல், கல்வியியல், பொதுச் சுகாதாரத் துறை மாணவர்களுக்கானது: ரெக்ரஷன், அனோவா, ஆர் (R) என்ற மென்பொருள், ஒரு புராஜெக்ட். இரண்டாவதில் ஒரு வாரம் விட்டால் ஒலிப்பதிவைப் பார்த்து, லேப் நிரலை ஓட்டிப் பிடித்துவிடலாம். முதலாவதில் ஒரு வாரம் விட்டால் பிடிக்க இரண்டு வாரம் வேண்டும், அந்த இரண்டு வாரமும் வகுப்பு உங்களுக்காக நிற்காது. நீங்கள் போட்டிருப்பது எந்த வகை என்று சென்ற ஆண்டின் சிலபஸை வாங்கிப் பாருங்கள். துறை அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அமெரிக்க அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலையும், ஏறக்குறைய 15 வாரத்துக்கு. ஆக 3 கிரெடிட் பாடம் என்றால் வாரம் 9 மணி நேரம். இது காகிதக் கணக்கு. கோட்பாட்டுப் பாடத்தில் நான் திருத்திய வீட்டுப்பாடங்களைப் பார்த்துச் சொல்கிறேன்: உடம்பு நன்றாக இருக்கிற மாணவருக்கே 12 மணி நேரம் ஆகும். மிட்டெர்ம் வாரத்தில் இன்னும் கூடும். இதோடு இன்னொரு பாடமும் டி.ஏ. வேலையும் இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

என்னால் முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனதுக்கு முடியும் என்றுதான் படுகிறது.

மனதுக்கு எப்போதும் அப்படித்தான் படும், நம்பாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துப் பத்து நாள் ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதுங்கள். போனைத் தொடாமல், பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, தலை ஓடி வேலை செய்த நிமிடங்கள். யூடியூபில் பாடம் பார்த்த நேரம் கணக்கில்லை.

என்னுடைய நோட்டு இன்னும் இருக்கிறது. பத்து நாளும் இப்படி:

150, 90, 180, 30, 120, 200, 20, 100, 160, 50.

கூட்டினால் 1,100. சராசரி நாளுக்கு 110 நிமிடம், வாரத்துக்கு 12 மணி 50 நிமிடம். "ஆஹா, போதுமே!" என்று பாடத்தைப் பதிந்துவிட்டேன். புள்ளியியல் படிக்க வந்தவள் செய்த முதல் தப்பு அதுதான். இதே எண்களை வரிசைப்படுத்திக் கீழ்ப்பாதியின் நடுவெண்ணை, அதாவது கீழ்க் கால்மானத்தை எடுத்தால் 50 நிமிடம். அப்படிப்பட்ட நாட்களே ஏழு அடுத்தடுத்து வந்தால் வாரத்துக்கு 5 மணி 50 நிமிடம்தான் தேறும். வீட்டுப்பாடத்துக்கு வாரா வாரம் கெடு உண்டு. நல்ல வாரத்தில் மிச்சமானதை மோசமான வாரத்துக்கு எடுத்துவைக்க முடியாது. அதனால் சராசரி இங்கே உதவாது, கீழ்க் கால்மானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வரிசையை இன்னொரு தரம் பாருங்கள். 180க்கு மறுநாள் 30. 200க்கு மறுநாள் 20. 160க்கு மறுநாள் 50. உடம்பு கொஞ்சம் நன்றாக இருந்த நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்து, அடுத்த நாள் சுருண்டு படுத்திருக்கிறேன். பத்து எண்ணை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. உச்சத்துக்குப் பிறகு இறங்குவது எந்த எண்வரிசைக்கும் இயல்பு, ரெக்ரஷன் என்ற பெயரே ஆங்கிலேய அறிஞர் கால்ட்டன் 1886இல் பெற்றோர்–பிள்ளைகள் உயரத்தில் அதைக் கவனித்ததிலிருந்து வந்ததுதான். ஆனாலும் மூன்று உச்சத்துக்கும் மறுநாளே பள்ளம் என்றால், நாளுக்கு 90 நிமிடத்தில் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகிறது என்று அடுத்த பத்து நாள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். 90, 90, 85, 95 என்று சீராக வந்தால் அது 200ஐவிட நல்ல சேதி.

கணக்கே மறந்துபோன மாதிரி இருக்கிறது. மருந்தாலா, பயத்தாலா?

சோதித்துப் பார்க்கலாம். நான்கு கணக்கு தருகிறேன். x-ஐயும் e-இன் அடுக்கு மைனஸ் x-ஐயும் பெருக்கிப் பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுங்கள் (பகுதித் தொகையிடல், விடை 1). ஒரு 2×2 அணியின் நேர்மாறு கண்டுபிடியுங்கள். ஒன்றையொன்று சார்ந்த இரண்டு மாறிகளைக் கூட்டினால் அதன் வேரியன்ஸ் என்ன என்று எழுதுங்கள், கோவேரியன்ஸ் எங்கே வருகிறது என்று காட்டுங்கள். கடைசியாக, பேயிஸ் தேற்றத்தை ஒரு ரத்தப் பரிசோதனை உதாரணத்தோடு ஒரு பத்தியில் விளக்குங்கள்.

நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைப் புத்தகத்தில் பார்த்துப் படித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வெள்ளைத் தாளில் திரும்பப் போடுங்கள். முதல் முறை தப்பானால் கவலையே இல்லை, துரு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது முறையும், நேற்று முன்தினம் படித்ததே நினைவில் இல்லை என்றால் அது கணக்கு விஷயம் இல்லை. மருந்தோ, தூக்கமோ, உடம்போ. டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம். தலையில் அடிபட்டவர்கள், கீமோதெரபி முடித்தவர்கள், கோவிட்டுக்குப் பிறகு தலை மந்தமாக இருக்கிறது என்பவர்கள் இந்த இரண்டாவது முறையைக் கட்டாயம் செய்து பாருங்கள். அறுவை சிகிச்சை மட்டும் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் தலை நன்றாகவே இருக்கும். முதுகும் வயிறும்தான் உட்கார விடாது.

டாக்டரிடம் "படிக்கலாமா?" என்று கேட்டேன், "பார்த்துச் செய்யுங்கள்" என்றார்.

கேள்வி அகலமாக இருந்தால் பதிலும் அகலமாகத்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "75 நிமிட வகுப்பு வாரம் இரண்டு. மூன்று மணி நேரத் தேர்வு டிசம்பரில் ஒன்று. தினம் இரண்டு மணி நேரம் குனிந்து எழுத வேண்டும். இந்த வலி மருந்தை எப்போது குறைப்போம்? செமஸ்டருக்கு நடுவில் இன்னொரு சிகிச்சை வருமா?" கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். அக்டோபரில் இரண்டாவது அறுவை சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்தே ஆகஸ்டில் இந்தப் பாடத்தை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் முடித்ததில்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன். பாடத்தைக் குறைத்தால் விசா போய்விடாதா?

முறைப்படி செய்தால் போகாது. முதுநிலை மாணவர்களுக்கு முழுநேரப் படிப்பு என்பது பல பல்கலைக்கழகங்களில் 9 கிரெடிட். உடல்நலக் காரணத்துக்காக அதைவிடக் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. ரெட்யூஸ்ட் கோர்ஸ் லோட், சுருக்கமாக ஆர்.சி.எல். என்பார்கள். ஒரே நிலைப் படிப்பில் (முதுகலை ஒரு நிலை, முனைவர் பட்டம் இன்னொரு நிலை) எல்லாம் சேர்த்து 12 மாதம் வரை தரலாம். டாக்டர் பரிந்துரைத்தால் ஒரு பாடமும் இல்லாமல்கூட இருக்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டு இடத்தில் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, கடிதம். மருத்துவப் பட்டம் பெற்ற உரிமம் உள்ள டாக்டர், ஆஸ்டியோபதி டாக்டர், அல்லது உரிமம் பெற்ற உளவியலாளர் தர வேண்டும். வளாக மருத்துவமனையில் உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் நர்ஸ் பிராக்டிஷனராக (மேற்பயிற்சி பெற்ற நர்ஸாக) இருப்பார். அவர் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் அவர் கையெழுத்து இதற்குச் செல்லாது. அங்குள்ள டாக்டர் ஒருவரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். பாடச்சுமையைக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன் என்ற வாக்கியமும், எந்த செமஸ்டருக்கு என்பதும் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு, வரிசை. முதலில் டி.எஸ்.ஓ. (மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலர்) அனுமதி, அப்புறம்தான் பாடத்தை விடுவது. தலைகீழாகச் செய்தால் அது விதிமீறல். நான் அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஆறாவது வீட்டுப்பாடத்தின் மூன்றாவது கணக்கில் ஒன்றரை மணி நேரம் முட்டிக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாகப் போர்ட்டலுக்குப் போய் விலகல் பொத்தானை அழுத்திவிட்டேன். காலையில் எழுந்ததும்தான் விசா நினைவுக்கு வந்தது. நல்லவேளை, அந்த விண்ணப்பம் துறைத்தலைவர் ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு வெளிநாட்டு மாணவர் அலுவலக வாசலில் நின்றேன். டி.எஸ்.ஓ. அதை நிறுத்திவைத்து, டாக்டர் கடிதம் வந்ததும் முறைப்படி செய்தார். துறைத்தலைவர் சீக்கிரம் எழுந்து மெயில் பார்க்கிறவராக இருந்திருந்தால் கதை வேறு.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. இதைப் படித்துவிட்டு நேராக உங்கள் டி.எஸ்.ஓ.விடம் போங்கள், வாட்ஸாப் குழுவுக்குப் போகாதீர்கள்.

பேசாமல் ஊருக்குப் போய் ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு வரவா?

அம்மா கையால் ரசம் சாப்பிட்டுத் தேறுவதற்கு எந்த ஆர்.சி.எல்.லும் ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 5 மாதம். படிப்பிலிருந்து விலகி ஐந்து மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் பெரும்பாலும் புது ஐ-20 (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), திரும்ப 350 டாலர் செவிஸ் (மாணவர் விசாப் பதிவு) கட்டணம், புதிதாக விசா நேர்காணல், ஓ.பி.டி.க்கு (படிப்பை ஒட்டிய வேலை அனுமதிக்கு) வேண்டிய ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து. ஆகஸ்ட் நடுவில் கிளம்பி ஜனவரி தொடக்கத்தில் திரும்பினால் ஐந்து மாதத்துக்குள் வந்துவிடலாம். அதற்கும் டி.எஸ்.ஓ. உங்கள் பதிவைத் திரும்ப இயக்க வேண்டும். கிளம்பும் முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பாடத்துக்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. எழுந்து சமைக்கவே முடியவில்லை, கூட யாரும் இல்லை என்றால் போங்கள்.

ஆன்லைனில் எடுக்கலாமா? இல்லை, ஆடிட் (மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் மட்டும் உட்காருவது) செய்யலாமா?

ஆன்லைன் பாடம் ஒரு செமஸ்டருக்கு ஒன்று, அதாவது 3 கிரெடிட் மட்டும் முழுநேரக் கணக்கில் சேரும். அந்த ஒன்றை இதற்குப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான். படுத்துக்கொண்டே வகுப்பு கேட்கலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆடிட் செய்யும் பாடம் முழுநேரக் கணக்கில் சேராது. ஆனால் ஆர்.சி.எல். ஏற்கெனவே கையில் இருந்தால், ஆடிட்டைப் போல அருமையான ஏற்பாடு கிடையாது. மதிப்பெண் பயம் இல்லாமல் முதல் எட்டு வாரம் பின்பெஞ்சில் உட்காருங்கள். மறு ஆண்டு எடுக்கும்போது பாதிப் பாடம் பழகியிருக்கும்.

ஸ்டைபெண்டும் (உதவித்தொகை) காப்பீடும் என்ன ஆகும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. டி.ஏ., ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) வேலைக்கு இத்தனை கிரெடிட் பதிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் நிபந்தனை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் கட்டணத் தள்ளுபடி போகலாம், ஸ்டைபெண்டும் போகலாம். மாணவர் காப்பீடும் பதிவைப் பொறுத்ததுதான். சிகிச்சை பாதியில் இருக்கும்போது காப்பீடு இல்லாமல் போவது, பாடத்தில் தோற்பதைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து. மூன்று பேரிடம் போக வேண்டும்: டி.எஸ்.ஓ., துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளர், காப்பீட்டு அலுவலகம். மூவரிடமும் ஒரே கேள்வி: "நான் 9இலிருந்து 6 கிரெடிட்டுக்கு வந்தால் எது எது மாறும்?" பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

பேராசிரியரிடம் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது.

வேண்டாம். கர்ப்பப்பையா, குடலா, மனமா என்றெல்லாம் அவரிடம் சொல்லத் தேவையே இல்லை. மாற்றுத்திறனாளர் சேவை அலுவலகம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒன்று இருக்கும். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டின் ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் சேர்த்துத்தான். நம்மில் பலர் "எனக்கென்ன ஊனமா?" என்று அந்தப் பக்கமே போவதில்லை. பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். அறுவை சிகிச்சை போன்ற தற்காலிகப் பாதிப்புக்கும் பல இடங்களில் உதவுகிறார்கள். மருத்துவச் சான்றை அந்த அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டு, பேராசிரியருக்கு "இந்த மாணவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம்" என்று மட்டும் கடிதம் அனுப்பும். காரணம் அதில் இருக்காது.

புள்ளியியலுக்கு எதைக் கேட்பது? தேர்வில் கூடுதல் நேரம். நடுவில் எழுந்து நடக்க இடைவேளை, அந்த நேரத்துக்குக் கடிகாரம் நிற்க வேண்டும். வகுப்பு ஒலிப்பதிவு. வீட்டுப்பாடத்துக்குச் சில முறை இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கும் சலுகை. பொதுவாக இது பின்தேதியிட்டுக் கிடைக்காது. மிட்டெர்மில் சொதப்பிய பிறகு கடிதம் வாங்கிப் பயனில்லை. முதல் வாரமே போங்கள்.

இது மனச்சோர்வு. இதையெல்லாம் உடல்நலக் காரணமாக ஏற்பார்களா?

ஏற்பார்கள். கடிதம் தரக்கூடியவர்கள் பட்டியலில் உளவியலாளர் இருப்பதே அதனால்தான். மனச்சோர்வில் தூக்கமும் கவனமும்தான் முதலில் போகும், இந்தப் பாடத்துக்கு வேண்டியதும் அவை இரண்டும்தான். மேலே சொன்ன பத்து நாள் நோட்டை இதற்கும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் செமஸ்டர், விசா எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு 988க்குக் கூப்பிடுங்கள். அமெரிக்கா முழுக்க 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஊரில் அப்பா அம்மாவுக்குப் பல்கலைக்கழகம் தகவல் சொல்லுமா?

ஃபெர்பா என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கல்லூரிப் படிப்பு மாணவரின் பதிவுகளுக்கு உரிமை மாணவருக்குத்தான். உயிராபத்து போன்ற அவசரம் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கு மதிப்பெண்ணோ பாடம் விட்ட தகவலோ போகாது. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். நான் ஒரு மாதம் மறைத்தேன். அப்புறம் சொன்னபோது அப்பா கேட்டது இரண்டே கேள்வி: "தையல் ஆறிடுச்சாம்மா? பேங்குக்கு என்ன சொல்றது?"

அதேதான், கல்விக் கடன் இருக்கிறதே! படிப்பு நீண்டால்?

இந்திய வங்கிகளின் கல்விக் கடனில் தவணை கட்டத் தொடங்குவது வழக்கமாகப் படிப்புக் காலம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு. படிப்பு நீண்டால் அந்தக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவக் காரணம் என்றால் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் தானாக நடக்காது. பல்கலைக்கழகத்திடமிருந்து புதிய முடிவுத் தேதியோடு ஒரு கடிதம் வாங்கி, கடன் எடுத்த கிளைக்கு அப்பாவோ அம்மாவோ நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். பயந்துபோய்ப் போடுகிற கணக்கைவிட உண்மைத் தொகை பெரும்பாலும் சின்னதாக இருக்கும்.

ஃபாலில் விட்டால் அடுத்த ஃபால்தானே? ஒரு வருஷம் வேஸ்ட்!

இதுதான் உண்மையான இக்கட்டு. கோட்பாட்டுப் பாடம் பல துறைகளில் இரண்டு செமஸ்டர் தொடர், ஃபாலில்தான் தொடங்கும். குவாலிஃபையிங் தேர்வும் (முனைவர் படிப்பைத் தொடரத் தேற வேண்டியது) அதன் பின்னால்தான். ஆனால் வீணாகும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இடைவெளியில் செய்யக்கூடிய உருப்படியான வேலை இருக்கிறது: நேரியல் இயற்கணிதம், அல்லது ஒரு கணிப்பொறிப் பாடம், செமினார், ஆய்வுக் கிரெடிட். இவற்றில் ஒரு வாரம் படுத்துவிட்டாலும் உலகம் கவிழாது. துறையில் கேளுங்கள், சில இடங்களில் பக்கத்துத் துறை அதே பாடத்தை ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங்கில் வேறு எண்ணில் நடத்தும். எங்கள் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒன்று இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தட்டுத்தடுமாறி எடுத்து சி வாங்கினால், பல துறைகளில் முக்கியப் பாடத்துக்கு பி-க்குக் கீழே செல்லாது, திரும்ப எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் ஒரு வருஷம் போகும், கூடவே ஜி.பி.ஏ.வும் (எல்லாப் பாடத்துக்குமான சராசரி) 3.0க்குக் கீழே போய் எச்சரிக்கைக் கடிதம் வரும்.

எடுத்துவிட்டேன், நடுவில் முடியவில்லை. என்னென்ன வழி?

தேதிதான் எல்லாம். முதல் ஓரிரண்டு வாரம் ஆட்–டிராப் காலம்: விட்டால் சுவடே இருக்காது, பணமும் திரும்பும். அதன் பிறகு விலகல் கெடு வரை மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (விலகினார் என்ற குறி) விழும். ஜி.பி.ஏ.வைத் தொடாது, கட்டணம் மட்டும் பெரும்பாலும் போனது போனதுதான். கெடுவும் தாண்டினால் மருத்துவ விலகல் என்று தனி விண்ணப்பம் சில இடங்களில் இருக்கிறது. இன்கம்ப்ளீட் என்பது இன்னொரு வழி. அது பாடத்தின் பெரும்பகுதியை நன்றாக முடித்து, கடைசியில் படுத்துவிட்டவர்களுக்கு. ஏழாவது வாரத்திலிருந்தே பாடம் புரியவில்லை என்பவருக்கு இன்கம்ப்ளீட் கொடுப்பது கடனைத் தள்ளிப்போடுவது மாதிரிதான். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் பல இடங்களில் எஃப் ஆகிவிடும்.

இன்றே அகாடமிக் காலண்டரைத் திறந்து விலகல் கெடுவைப் பாருங்கள். அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியில் போனில் அலாரம் வையுங்கள். அந்தப் பத்து நாள் டாக்டர் கடிதத்துக்கும் டி.எஸ்.ஓ.வுக்கும்.

டபிள்யூ இருந்தால் வேலைக்கு எடுக்க மாட்டார்களாமே?

வேலைக்கு எடுப்பவர்கள் இதுவரை ஒருவரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இரண்டு மூன்று சேர்ந்தால் ஒருவேளை கேட்கலாம்.

சரி, எடுப்பதென்றே முடிவு. எப்படிச் சமாளிப்பது?

வேறு கனமான பாடம் எதையும் கூட வைக்காதீர்கள். வீட்டுப்பாடம் புதன்கிழமை கெடு என்றால், கொடுத்த அன்றே எல்லாக் கணக்கையும் ஒருமுறை படித்து, பார்த்தவுடன் வருகிற ஒன்றைப் போட்டுவிடுங்கள். திடீரென்று படுக்க நேர்ந்தால் கையில் ஏதாவது இருக்கும். திருத்துகிறவளாகச் சொல்கிறேன்: காலியாக விட்ட கணக்குக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. "இங்கே மைய எல்லைத் தேற்றம் வரும், ஆனால் வேரியன்ஸ் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பத்துக்கு மூன்று மதிப்பெண்ணாவது போடுவேன். டெலிகிராமில் விடை தேடுவதைவிட ஆபீஸ் ஹவரில் (சந்தேகம் கேட்க ஒதுக்கிய நேரத்தில்) போய் உட்காருவது உடம்புக்கும் லேசு, இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

உட்காரும் விஷயத்தை அற்பமாக நினைக்காதீர்கள். வயிற்றுத் தையலோடு மடக்குமேசை நாற்காலியில் 75 நிமிடம் உட்கார்ந்த எனக்குப் பாதி வகுப்பு காதிலேயே விழவில்லை. சேவை அலுவலகத்தில் சொன்னதும் கடைசி வரிசையில் ஒரு தனி மேசையும் நாற்காலியும் போட்டுவிட்டார்கள். அதற்கு முன் ஐந்து வாரம் தலையணையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

தேர்வு நாளன்று திடீரென்று முடியாமல் போனால்?

எழுதத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு "முடியவில்லை" என்றால் மாற்றுத் தேர்வு வைக்கப் பெரும்பாலான பேராசிரியர்கள் தயங்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலையிலேயே இரண்டு வரி மெயில் போதும், சேவை அலுவலகத்துக்கு ஒரு நகல். அன்றே டாக்டரைப் பார்த்துத் தேதியோடு சீட்டு வாங்குங்கள், அடுத்த நாள் போனால் அடுத்த நாள் தேதிதான் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே முடியாமல் போனால் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, மணி என்ன என்று விடைத்தாளில் எழுதச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.